குடிநீர்க் குழாய் பதிக்கும் முன் தொல்லியல் கள ஆய்வு செய்வது எப்படி?

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பிரதானக் குழாய், ஆற்றுப்படுகையில் இறக்கிய கிணற்றிலிருந்து புறப்பட்டு, கரையோர வயல்களைக் கடந்து, புன்செய்க் காடுகளின் வழியே மேடேறி, எங்கோ ஒரு கரட்டின் மேல் கட்டிய தொட்டியில் போய் முடிகிறது. நம் மூதாதையரும் நிலத்தை இதே வரிசையில்தான் பயன்படுத்தினார்கள். வெள்ளம் ஏறாத ஆற்றங்கரை மேட்டில் குடியிருந்தார்கள். அதைச் சுற்றி உழுதார்கள். பயிருக்கு உதவாத சரளை நிலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். ஆகவே ஆற்றிலிருந்து கரட்டுக்குப் போகும் எந்தக் குழாயும் ஒரு பழைய ஊரையோ, அதன் ஈமக்காட்டையோ, இரண்டையுமோ தொட்டுக்கொண்டு போவதற்கு வாய்ப்பு மிகுதி. 2013–14ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை வைகையின் இரு கரைகளிலும் நடத்திய கள ஆய்வில் 293 தொல்லியல் இடங்கள் கண்டறியப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால், இது வெறும் ஊகம் அன்று என்பது விளங்கும். அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான் கீழடி அகழாய்வு தொடங்கியது.

இந்தக் குறிப்புகள் திட்ட மதிப்பீடு தயாரிக்கும் உதவிப் பொறியாளர்கள், ஒப்பந்ததாரரின் தளப் பொறியாளர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், அவர்களோடு சேர்ந்து நடக்க முன்வரும் உள்ளூர் ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டவை. அகழாய்வு செய்வது பயிற்சி பெற்ற தொல்லியலாளரின் வேலை. ஆனால் எங்கே அகழாய்வு தேவைப்படும், எங்கே குழாயை நகர்த்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வேலையை, கற்றுக்கொள்ள மனமுள்ள எவரும் செய்யலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. செம்மண் சரளையில் ஜேசிபி ஒன்று மூன்றடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பள்ளத்தின் இடது சுவரில், தரையிலிருந்து முழங்கால் ஆழத்தில், அரைவட்டமாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. விரற்கடை தடிப்புள்ள தாழியின் வாய் விளிம்பு அது. மண்வாரியின் பல் தாழியை நெடுக்காகப் பிளந்திருந்ததால் உள்ளே இருந்த சாம்பல் நிற மண்ணும், அதில் சாய்ந்து கிடந்த சிறு கிண்ணம் ஒன்றும், சுண்ணாம்புபோல் உதிரும் எலும்புத் துண்டுகளும் வெளியே தெரிந்தன. மறுபாதி, எடுத்துப்போட்ட மண் குவியலில் நூறு துண்டாகக் கலந்துவிட்டிருந்தது. அந்த வரிசையில் மட்டும் 11 தாழிகளை எண்ணினேன். குழாயை 40 மீட்டர் மேற்கே தள்ளியிருந்தால் ஒன்றுகூட உடைந்திருக்காது; அங்கே வெறும் பாறைதான் இருந்தது. அதை வரைபடம் போடும்போதே ஒருவர் நடந்து பார்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

சட்டம் எதுவரை வரும்

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பலரும் "தடையில்லாச் சான்று வாங்கிவிட்டால் போதும்" என்றோ, "நம் பாதையில் கோயில் எதுவும் இல்லையே" என்றோ நினைத்து நின்றுவிடுகிறார்கள். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வரையறுத்திருக்கின்றன. ஆனால் அதே திருத்தம் 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலிருந்து, பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்குவதற்கான பணிகளை விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே தோண்டுவதற்குப் பொருந்தாது. அங்கே மத்திய அரசின் அனுமதி இல்லாமல் மண்வெட்டியை வைக்க முடியாது. மாநில அரசின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக உண்டு.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சட்டம் காக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் உள்ள தாழிக்காடுகள், பழைய ஊர் புதைந்த நத்தமேடுகள், ஈமக்குழியைச் சுற்றிக் கல் வைத்த கல்வட்டங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. குழாய்ப் பாதையில் அவற்றைத் தேடிப் பார்க்கும்படி பொறியாளரை வற்புறுத்த யாரும் வரமாட்டார்கள். விலக்கு இருக்கிறது என்பதற்காகத் தேடாமல் விடுவது சரியில்லை என்பதே என் கருத்து. தண்ணீருக்கான பணி என்பதால் சட்டம் நம்மை நம்பி விட்டிருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் தொடங்கும் வேலை

பாதையை வரைபடத்தில் போடும் கட்டத்தில், அதாவது டெண்டர் ஆவணம் தயாராவதற்கு வெகு முன்பே, ஒரு வார காலத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். குழாய்கள் தளத்தில் வந்து இறங்கியபின் செய்யும் ஆய்வு, யாராலும் செயல்படுத்த முடியாத ஆய்வாகவே முடியும்.

கிராம வரைபடத்தையும் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, குழாய் கடக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணின் பெயரையும் வகைப்பாட்டையும் பாருங்கள். வருவாய்க் கணக்கில் 'நத்தம்' என்று இருந்து, தரையில் வீடு ஒன்றுகூட இல்லாத இடம் முதல் அறிகுறி. மக்கள் எப்போதோ விட்டுப்போன ஊர் அது. கோட்டைமேடு, நத்தமேடு, தாழிமேடு, பானைமேடு என்று வரும் பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பாண்டவர் குழி, முனியறை, குள்ளர் வீடு போன்ற பெயர்கள் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்கு மக்கள் இட்டவை. தூத்துக்குடி மாவட்டத்தில் 'பரம்பு' என்று ஊரார் சொல்லும் சரளை மேடுகள் இன்னொரு வகை. ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் ஈமக்காடு அப்படிப்பட்ட மேட்டில்தான் இருக்கிறது, சிவகளையின் ஈமக்காடும் அப்படியே.

அடுத்து, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று தேட வேண்டும். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் கிடைக்கின்றன. ராபர்ட் சீவெல் சென்னை மாகாணத்தின் தொல்பொருள் எச்சங்களைப் பட்டியலிட்ட தொகுதிகள் 1882லும் 1884லும் வந்தன. அவற்றில் பாதையோர ஊர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப்பெயர்களின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் தடுமாற வைக்கும், பொறுமை வேண்டும். அதன்பின் தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குப் பாதை வரைபடத்தை இணைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். அப்படி ஒரு கடிதம் கிடைக்கும்போது அவர்கள் சொல்லும் தகவல்களில் பாதி எந்த நூலிலும் அச்சேறாதவையாக இருக்கும்.

செயற்கைக்கோள் படங்களும் பெரிதும் உதவும். இன்றைய படத்தில் தென்னந்தோப்பாகத் தெரியும் இடம், 1960களில் எடுக்கப்பட்டு 1995இல் பொதுப் பார்வைக்கு விடப்பட்ட 'கொரோனா' என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களில் மேடாகத் தெரியலாம். கல்வட்டங்கள் காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் சிறு வளையங்களாகத் தெரியும். கோடைகாலப் படத்தையே தேடி எடுக்க வேண்டும்.

இங்கே பொறியாளர்கள் மட்டுமே கவனிக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாய்ப் பாதையின் நெடுக்குவெட்டு வரைபடத்தில் மேடுகளின் உச்சியில் காற்று வால்வுகளும், பள்ளங்களில் கழிவு வால்வுகளும் வைக்கிறோம். வால்வு வைக்கும் அறைக்காக அந்த இடத்தில் பள்ளம் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டப்படுகிறது. சமவெளியில் தனியாக நிற்கும் மேடு பல நேரங்களில் இயற்கை மேடாக இருப்பதில்லை. பல நூறு ஆண்டுகள் வீடுகள் கட்டி, இடிந்து, மீண்டும் கட்டியதால் எழுந்த மண்மேடு அது. கழிவு வால்வு வரும் பள்ளமோ, பெரும்பாலும் பழைய ஏரியின் மதகோ வாய்க்காலோ இருக்கும் இடம். அதாவது நாம் மிக ஆழமாகத் தோண்டும் புள்ளிகளும், பழமை மிகுதியாகப் படிந்திருக்கும் புள்ளிகளும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன. நெடுக்குவெட்டு வரைபடத்தில் ஒவ்வொரு காற்று வால்வையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும்.

ஊராரைக் கேட்பது

நடப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அறிமுகம் செய்துவைப்பார்கள். ஆனால் செய்தி வேறு ஆட்களிடம் இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள், கிணறு வெட்டுபவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், டிராக்டர் ஓட்டுநர்கள் ஆகியோர்தான் மண்ணுக்குள் இருப்பதை அறிந்தவர்கள். கீழடியிலேயே 1970களில் கிணறு தோண்டியபோது வெளிவந்த பொருட்களை மாணவர்கள் சொல்லக் கேட்டு, பள்ளி ஆசிரியர் ஒருவர் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார்.

"இங்கே தொல்பொருள் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லைங்க" என்றே பதில் வரும். புதையல் தேடி வந்தவர்களோ, நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறதோ என்ற அச்சம் அது. கேள்வியை வேறு விதமாக வைக்க வேண்டும். "ஏர் ஓட்டும்போது எந்த இடத்தில் கல் தட்டும்? எந்தக் காட்டில் சாம்பல் மண் இருக்கிறது? கிணறு வெட்டும்போது பெரிய பானை வந்ததா?" என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு மூதாட்டி என்னைத் தன் வேலியருகே அழைத்துப்போய், "மழை பேஞ்ச மறுநாள் இந்தத் திட்டுல பாசிமணி பொறுக்குவோம் தம்பி, எங்க அம்மா காலத்துல இருந்து" என்று காட்டினார். எங்கள் பாதையில் அந்த இடம் எந்த அடையாளமும் இல்லாத சர்வே எண்ணாக இருந்தது. மறுநாள் பார்த்தபோது கண்ணாடி மணிகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடந்தன.

நில உரிமையாளரிடம் அனுமதி கேட்காமல் எந்த நிலத்திலும் இறங்கக் கூடாது. பயிர் நிற்கும்போது வரப்போடு நின்றுவிட வேண்டும். இன்றும் வழிபாட்டில் உள்ள நடுகல், வேடியப்பன் கோயில், சமாதி ஆகியவற்றை அளக்கும் முன் பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

நடந்து பார்ப்பது

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நஞ்சையில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. மானாவாரிப் புன்செயில் ஆடி உழவு முடிந்து ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு, விதைப்பதற்கு முன் கிடைக்கும் சில நாட்கள் மிக அருமையானவை. உழவு கீழே இருந்ததை மேலே புரட்டிப் போட்டிருக்கும், மழை அதைக் கழுவி வைத்திருக்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் நடந்தால் கல்வட்டங்களின் நிழலும் மேட்டின் சரிவும் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் நடப்பதால் பயனில்லை.

குழாய் போகும் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. பள்ளம் ஒரு மீட்டர் அகலமாக இருந்தாலும், மண்ணைக் கொட்டவும், குழாய்களை வரிசையாக அடுக்கவும், லாரியும் ஜேசிபியும் போய்வரவும் 10 முதல் 15 மீட்டர் அகலத்துக்கு நிலம் கலைகிறது. குழாய்க் கிடங்கு, நீரேற்று நிலையம், தரைமட்டத் தொட்டி, அவற்றுக்கான வழிப்பாதை ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். எனவே கோட்டின் இருபுறமும் 25 மீட்டர் என மொத்தம் 50 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொண்டு, ஆறு பேர் ஏறத்தாழ 8 மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடப்பது நல்ல ஏற்பாடு. அந்த அகலத்துக்குள் குழாயை நகர்த்துவதற்கும் இடம் தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் போக முயலாதீர்கள். களைத்த கண் எதையும் காணாது.

ஒவ்வொருவரும் தம் முன்னே உள்ள தரையை மட்டும் பார்த்து நடக்க வேண்டும். பானையோடு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிறு கொடியை நட்டுவிட்டு நகர வேண்டும்; அங்கிருந்து எடுத்துச் செல்லக் கூடாது. வரிசை கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்தால், கொடிகள் நெருங்கி நிற்கும் இடமே உங்களுக்குப் பதில் சொல்லும். அதன்பின் குழுத்தலைவர் அங்கே வந்து, ஜிபிஎஸ் அளவு, பாதையின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு, சர்வே எண், பரவியிருக்கும் நீள அகலம், ஒரு சதுர மீட்டருக்குள் எண்ணிய ஓடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும்.

எதைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதில் புதியவர்கள் குழம்புவது இயல்பு. கருப்பு-சிவப்புப் பானையோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உட்புறமும் விளிம்பும் பளபளக்கும் கருப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருக்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப்படாத உட்பகுதி கருத்துவிட்டது. விரற்கடைக்கு மேல் தடித்த, சொரசொரப்பான சிவப்பு ஓடு தாழியின் துண்டாக இருக்கலாம். கையில் எடுத்தால் எதிர்பாராத கனத்தோடு, குமிழ்க் குழிகளோடு இருக்கும் கருங்கட்டி இரும்பு உருக்கிய கசடு. இன்றைய செங்கல்லைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமும் இரு மடங்கு அகலமும் உள்ள தட்டையான செங்கல், உறைகிணற்றின் வளைந்த சுடுமண் உறைத்துண்டு, சங்கு அறுத்த எச்சம், கொங்குப் பகுதியில் சிவப்பு சூதுபவளமும் படிகக்கல் சில்லுகளும் குறிக்கத்தக்கவை. ஆற்றோரக் கூழாங்கல் பரப்பில், இருபுறமும் செதுக்கிக் கூர்மையாக்கிய குவார்ட்சைட் கற்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கண்டெடுத்தது அத்தகைய ஒரு கல்லைத்தான். அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கம், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஏமாற்றக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயலில் பானையோடு கிடக்கிறது என்பதால் அங்கேயே ஊர் இருந்தது என்று முடிவுசெய்யக் கூடாது. ஏரியில் தூர்வாரிய வண்டல் மண்ணை நிலத்துக்கு அடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வண்டலோடு வேறெங்கோ கிடந்த ஓடுகளும் வந்து சேரும். வீட்டுக் குப்பையை எருவாகக் கொண்டுவந்து கொட்டிய நிலத்திலும் இப்படியே. வண்டல் அடித்த வயலில் ஓடுகள் சிறிதாக, முனை மழுங்கி, நிலம் முழுவதும் சீராகச் சிதறியிருக்கும், வரப்போடு நின்றுவிடும். புதைந்த குடியிருப்பின் மேல் ஓடுகள் பெரிதாக, முனை கூர்மையாக, ஓரிடத்தில் செறிந்து, வரப்பைப் பொருட்படுத்தாமல் பரவியிருக்கும். "வண்டல் அடித்தீர்களா, எந்த ஏரியிலிருந்து?" என்ற ஒரு கேள்வி பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஆற்றங்கரையில் வெள்ளம் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் பழைய குடியிருப்பை ஆளுயரத்துக்கு மூடியிருந்தால் மேலே ஓர் ஓடுகூடத் தெரியாது. அங்கே நடந்து பார்ப்பதைவிட, ஏற்கெனவே வெட்டப்பட்ட குழிகளைப் பார்ப்பதே பயன் தரும். இறவைக் கிணற்றின் சுவர், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், சாலைக்காக வெட்டிய கரை, ஆறு அரித்த விளிம்பு என எது அருகில் இருக்கிறதோ அதன் முன் நின்று, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, சாம்பல் படலமோ ஓட்டுத் துண்டுகளோ வரிசையாகத் தெரிகின்றனவா என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

ஏரிக்கரைகளைக் கடக்கும்போது தனிக் கவனம் வேண்டும். ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய குமிழித் தூம்பின் கல்தூண்கள் இன்றைய மதகுக்குச் சற்றுத் தள்ளி நீர்ப்பிடிப்புக்குள் நிற்கும். அவற்றில் பல, தூம்பு செய்து கொடுத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டைத் தாங்கியவை. குறிப்பாகப் புதுக்கோட்டைப் பகுதியில் இவை ஏராளம். துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்கால் பாலமாகவும் கிடக்கும் பலகைக் கற்களைப் புரட்டாமல், குனிந்து அடியிலும் பக்கத்திலும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் அப்படிக் கிடப்பது நடுகல்லாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

ஐயமுள்ள இடங்களில் என்ன செய்வது

நடந்து முடித்தபின் பாதையை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: தடயமே இல்லாத நீளம், சிதறல் உள்ள நீளம், செறிவோ ஈமச்சின்னமோ உள்ள நீளம். இரண்டாவது வகைதான் தொல்லை தருவது. அங்கே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய நிலமின் தடை, காந்தப்புலம், தரையூடுருவும் ராடார் ஆகிய அளவீடுகளைப் பல்கலைக்கழகப் புவி இயற்பியல் துறைகளின் துணையோடு செய்யலாம். ஈரமான களிமண்ணில் ராடார் அலை ஆழம் போகாது. காய்ந்த மணற்பாங்கான நிலத்தில் நன்றாக வேலை செய்யும். மின்கம்பிக்கும் இரும்பு வேலிக்கும் அருகில் காந்தமானியின் அளவை நம்ப முடியாது.

சோதனைக் குழி போட வேண்டிய கட்டம் வந்தால் அதை நீங்களோ ஒப்பந்ததாரரோ செய்யக் கூடாது. தொல்லியல் நோக்கில் தோண்டுவதற்கு மாநில அரசே மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முறைப்படி தொல்லியல் துறைக்கு எழுதி, அவர்கள் வருவதற்கான கால அவகாசத்தைத் திட்ட அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, மனிதர் கை படாத கன்னி மண் வரை இறங்கிப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள், அவசரப்படுத்துவது முறையாகாது.

மூன்றாவது வகை இடத்தில் எனது பரிந்துரை எப்போதும் ஒன்றே: குழாயை நகர்த்துங்கள். வார்ப்பிரும்புக் குழாய்க்கு பதினொன்றேகால் பாகை, இருபத்திரண்டரை பாகை வளைவுகள் கடையிலேயே கிடைக்கின்றன. விலகுவதற்கு இரண்டு, மீண்டும் கோட்டுக்கு வருவதற்கு இரண்டு என நான்கு வளைவுகளும், அவற்றைத் தாங்கும் கான்கிரீட் கட்டைகளும், சில மீட்டர் கூடுதல் குழாயும் சேர்த்தால், நீரழுத்தத்தில் குறையும் அளவு சிறிதுதான். மதிப்பீடு தயாரிக்கும் கட்டத்தில் இந்தச் செலவு திட்டத் தொகையில் கண்ணுக்குத் தெரியாது. விலக இடமே இல்லாத இடத்தில், பள்ளம் தோண்டாமல் பக்கவாட்டில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தும் முறையைப் பார்க்கலாம். அதற்கும் இருமுனைகளிலும் பெரிய குழிகள் வேண்டும் என்பதையும், துளை போகும் ஆழம் மனிதர் வாழ்ந்த தடயமுள்ள பண்பாட்டு அடுக்குக்குக் கீழே இருக்கிறதா என்று தெரியாமல் துளையிட்டால் யாரும் பார்க்காமலேயே அழிவு நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பள்ளம் எடுக்கும் நாட்கள்

எவ்வளவு கவனமாக நடந்து பார்த்திருந்தாலும் மண் சிலவற்றை மறைத்தே வைத்திருக்கும். ஆகவே ஒப்பந்த ஆவணத்திலேயே சில வரிகளைச் சேர்த்துவிட வேண்டும்: குறிக்கப்பட்ட நீளங்களில் பல் இல்லாத பக்கெட்டால் ஒரு சாண் ஆழமாகப் படிப்படியாக மண்ணெடுக்க வேண்டும், தொல்பொருள் வெளிப்பட்டால் வேலையை நிறுத்த வேண்டும், அப்படி நிற்கும் நாட்களுக்காக ஒப்பந்ததாரருக்கு அபராதம் கிடையாது. கடைசி வரி மிக முக்கியமானது. வேலை நின்றால் தம் கையை விட்டுப் பணம் போகும் என்றால், கண்டதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

வேலை தொடங்கும் அன்று காலையில் ஜேசிபி ஓட்டுநரையும் மேஸ்திரியையும் உட்காரவைத்து, தாழி ஓடு, இரும்புக் கசடு, பழைய செங்கல் ஆகியவற்றின் படங்களைக் காட்டுங்கள். பள்ளத்தில் முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான். நான் கண்டவரையில் மிகக் கூர்மையான கண் ஓட்டுநர்களுடையது; மண்ணின் இறுக்கம் மாறுவதை நெம்புகோலில் இருக்கும் அவர்கள் கை உணர்ந்துவிடும்.

ஏதேனும் வெளிப்பட்டால், இயந்திரத்தை அணைத்து, சுற்றிலும் 10 மீட்டருக்குக் கயிறு கட்டி, வெளிப்பட்ட நிலையிலேயே அளவுகோலோடு படம் எடுத்து, வெயிலும் மழையும் படாமல் தார்ப்பாயால் மூட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் ஆகியோருக்கு அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். மனித எலும்பு தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும்.

தாழி முழுதாகக் கிடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் எல்லாருக்கும் எழும். தயவுசெய்து கையை விடாதீர்கள். தங்கம் இருக்காது; ஆனால் அதைவிட அரிய ஒன்று அந்த மண்ணில் கலந்திருக்கக்கூடும். சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த மண்ணோடு கிடைத்த நெல்மணிகளைப் பகுப்பாய்வு செய்ததில் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது. யாரோ ஒருவர் அந்தத் தாழியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டியிருந்தால், பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய நெல்லைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. கீழடியில் 2024ஆம் ஆண்டு அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் அதே அமைப்பில் வெளிப்பட்டதும், அவை இருந்த இடத்தில் கலையாமல் இருந்ததால்தான். குழாய் பதிக்கும் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு குழாயின் வாயில் அடுத்ததன் முனை எப்படிச் செருகப்பட்டிருக்கிறது என்பதை உடனே கண்டுகொள்வார்கள்.

பள்ளத்தை மூடியபின் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. இதை யாரும் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆய்வில் குறித்த ஒவ்வோர் இடத்தையும், குழாய் விலகிப்போன காரணத்தோடு, பணி நிறைவு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஒரு படியைத் தொல்லியல் துறைக்கும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்துக்கும், ஒன்றைக் குழாய்ப் பராமரிப்புப் பிரிவுக்கும் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து நள்ளிரவில் குழாய் உடைந்து, நீர்க்கசிவை அடைக்க வரும் ஆட்கள், எந்தப் பக்கம் தோண்டலாம், எந்தப் பக்கம் தோண்டக் கூடாது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.